ஜெசீமா டீச்சர் இத்தாவை முறிக்கவில்லை

கடந்த திங்கட்கிழமை மதிய ளுஹர் தொழுகைக்குச் சற்று முன்பாகப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை நேரமல்லாத நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எங்கே என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். யுத்தம் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரில் அது நல்ல செய்திக்காக வாய் திறந்ததில்லை. அரிசி களைந்துகொண்டிருந்த நான் கையை உதறிவிட்டுக் காது கொடுத்தேன். மர்ஹூம் இஸ்மாலெவ்வையின் மனைவியும், ஆதம்பாவாவின் சகோதரியும், றபீக் மாஸ்டரின் மாமியாருமானவர் காலமாகிவிட்டதாக அறிவித்தார்கள். மூன்று ஆண்களின் பெயர் சொன்னார்கள். மௌத்தானவரின் பெயரைச் சொல்லவில்லை. பெண்ணின் மரணத்தை அறிவிக்கும்போது எங்கள் ஊரில் அப்படித்தான். அந்த மூன்று பெயர்களையும் சேர்த்துப் பார்த்து ஆள் யாரென்று விளங்கிக்கொள்ள எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் அடுப்படியிலேயே குந்திவிட்டேன்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஜெசீமா. எங்கள் பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த ஜெசீமா டீச்சர். நான் அதே பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்த ஹாஜரா. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்ந்தவர்கள் நாங்கள். கடைசிவரைக்கும் ஒருவரையொருவர் "டீச்சர்" என்றும் "நீங்க" என்றும்தான் அழைத்துக்கொண்டோம்.

நான் ஜனாஸா வீட்டுக்குப் போகவில்லை. என் கணவர் மீராலெவ்வை காலமாகி அன்று ஐம்பத்து மூன்றாவது நாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் நான் இருக்கிறேன். மற்றப் பெண்கள் போய் அவரைக் குளிப்பாட்டினார்கள், கபன் துணி இட்டார்கள். நான் முகம் பார்க்கவில்லை. இப்படியொரு தேவைக்கு வெளியே போகலாமா கூடாதா என்று கேட்பதற்கு இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தான். அவரே மௌத்தாகிக் கிடக்கும்போது நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

நான் பயந்த சுபாவம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதெல்லாம் அதனால் வந்த வினை. ஜெசீமா டீச்சரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு விஷயம் பிழையாகத் தெரியும். சரியாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி. பதினாறு வருடங்களாக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

அவர் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த முதல் மாதமே ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு அலுமாரிகளைக் குறுக்கே வைத்து ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தார்கள். ஒருநாள் அலுமாரிக்கு மேலால் ஒரு கட்டுப் பிரசுரம் வந்து விழுந்தது. முஸ்லிம் பெண் எப்படி நடக்க வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும், எந்தத் தேவைக்கு வாசல் தாண்டலாம் என்று யாரோ எழுதி அச்சிட்டது. நாங்கள் அதை மடித்துக் கைப்பையில் வைத்தோம். ஜெசீமா டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தார். பிள்ளைகளின் கொப்பியைத் திருத்துவதுபோல வரிக்கு வரி திருத்தி, ஓரத்தில் "தரவு எங்கே?" என்று எட்டு இடத்தில் எழுதி, வந்த வழியாலேயே திருப்பி எறிந்தார். எனக்கு மூத்திரம் முட்டிவிட்டது.

அன்றைக்குப் பிறகு அவர் உண்மையிலேயே தரவு தேடத் தொடங்கினார். வேதத்தின் தமிழ் விளக்கமான தர்ஜுமா ஒன்று, பழைய மாத சஞ்சிகைகள், யார் யாரிடமோ இரவல் வாங்கிய நூல்கள். பாடசாலை விட்டதும் அவருடைய வீட்டு மண்டபத்தில் பாயை விரித்துப் படிப்போம். ஓதத் தெரிந்த நாங்கள், ஓதியதன் பொருளை அப்போதுதான் முதன்முதலாகத் தமிழில் வாசித்தோம். எனக்கு அதுவே பயம். உள்ளே என்ன இருக்குமோ, விளங்காமல் இருந்ததே பாதுகாப்பாக இருந்ததோ என்று நினைப்பேன். அவர் கேத்திர கணிதம் படிப்பிப்பதுபோல வாசிப்பார். தரப்பட்டது என்ன, நிறுவ வேண்டியது என்ன, இடையில் நாமாகச் சேர்த்துக்கொண்டது என்ன என்று கொப்பியில் மூன்று நிரல் போடுவார். மூன்றாவது நிரல்தான் எப்போதும் நீளமாக இருக்கும்.

அவருக்குப் பயமே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். அவர் பக்கத்தைப் புரட்டாமலே பதில் சொன்னார்.

"பயமில்லாம இந்தக் கிதாபப் படிக்கிறவங்கட படிப்ப நான் நம்பமாட்டன் டீச்சர். எனக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் பயம்தான். படிக்காம உட்டா அது இன்னும் பெரிய பயம்."

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பெண்கள் அமைப்பு நடத்திய கருத்தரங்குக்கும் ஒருமுறை போனோம். நவீன பெண் எப்படி இருக்க வேண்டும் என்று அங்கேயும் ஒரு பிரசுரம் தந்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையும் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டே வந்தார். ஒரு சோதனைச் சாவடியில் இறங்கி, நடந்து, மறுபடி ஏறியபோது விட்ட இடத்திலிருந்து திருத்தினார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பகுதியும் என்னக் கேக்காமலே என்னப்பத்தி எழுதி வச்சிரிக்காங்க," என்றார்.

பிறகு எங்கள் பக்கத்துக் காலம் கெட்டது. காலையில் போனவர் மாலையில் வருவார் என்பதற்கு உத்தரவாதமில்லாமல் போனது. ஜெசீமா டீச்சரின் கணவர் இஸ்மாலெவ்வைக்குக் கரடியனாற்றுப் பக்கத்தில் வயல் இருந்தது. போக வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கதிர் முற்றிவிட்டது, வயல் வட்டையில் நெல்லை விட்டுவிட்டு எப்படியிருப்பது என்று போனார். மூன்றாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியில் சாக்கால் மூடிக் கொண்டு வந்தார்கள். யார் சுட்டது என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்கள்.

டீச்சர் இத்தாவில் இருந்தார். வெள்ளை உடுத்தினார். அவருடைய மூத்த சகோதரர் ஆதம்பாவாக் காக்கா நல்ல மனிதர், தங்கை மேல் உயிரானவர். அவர் வந்து ஜன்னல்களுக்குப் புடைவை கட்டினார், கண்ணாடியை மூடினார், வெளி ஆண் கண்ணில் தங்கை படக்கூடாதென்று வேலிக்கு மேல் இன்னொரு வரி தென்னங்கிடுகு கட்டினார். துக்கத்தில் அவருக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். டீச்சர் ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம் கொப்பியும் கையுமாக இருந்தார். கண்ணாடி மூடுவது தரவா, ஊர்ப்பேச்சா? வேலிக்கு இரண்டாவது வரி? பகலில் ஒரு தேவை வந்தால்? இத்தாவில் இருக்கும் பெண்ணை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று ஓரிடத்தில் வாசித்துவிட்டு, அந்தத் துக்கத்திலும் லேசாகச் சிரித்தார். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். "இது எண்ட ஊடு. என்ன ஆர் வெளியேத்துற?" என்றார்.

சில இடங்கள் அவருக்குத் தெளிவாகவில்லை. கேட்பதற்கு ஓட்டமாவடிப் பக்கம் நிறைய நூல்கள் வைத்திருந்த ஒரு மௌலவியைத் தெரியும், நேரில் பார்த்ததில்லை. அறிமுகமில்லாத ஓர் ஆணுக்கு இத்தாவைப் பற்றி வசனம் வசனமாக எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து அத்தியாய எண்ணையும் வசன எண்ணையும் மட்டும் எழுதினார். 2/234. 2/240. 65/1. 65/4. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கீழே, "பதிலை, இதைக் கொண்டு வருபவரிடமே கொடுக்கவும்" என்ற ஒரு வரி. கையெழுத்தில்லை, பெயரில்லை. அடக்கமான ஒரு பெண் எழுதும் கடிதம் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றியது.

என் கணவர் வாழைச்சேனைத் துறையில் மீன் எடுத்து ஏறாவூர்ச் சந்தைக்குக் கொண்டு போகிறவர். வழியில் மௌலவியிடம் சேர்த்துவிடுவார் என்று அந்தத் தாளை வாங்கி வந்து அவருடைய சட்டைப் பையில் நான்தான் வைத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மீனுக்கு ஐஸ் கொண்டு வரும் ஐஸ் லொறிக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தண்ணீர் கேட்பதுபோலக் கேட்டு, குவளையை வாங்கிக்கொண்டே சொன்னார். சாவடியில் என் கணவரை இறக்கிவிட்டார்கள். பையில் இருந்த தாளை எடுத்தார்கள். அந்த எண்களைத் தொலைத்தொடர்புக் கருவியின் எண்கள் என்கிறார் ஒருவர், நேரமும் இடமும் என்கிறார் இன்னொருவர். முகாமுக்குள் கொண்டு போய்விட்டார்கள், அங்கே ஐஸ் இறக்கப் போன தன்னிடம் அவர் ரகசியமாகச் சொன்னார் என்றார். யார் எழுதியதென்று அடித்துக் கேட்கிறார்கள், அவர் வாய் திறக்கவில்லை.

"ஒரு பொம்புளட பேர அந்த இடத்துல சொல்லமாட்டன் எண்டு நிக்கிறார். இத்தாவுல இரிக்கிற பொம்புளையாம். இன்னொண்டும் சொல்றன் தங்கச்சி. அவர் உள்ளுக்குப் போனதும் ஒருத்தருக்கும் தெரியாம இரிக்கட்டும், வெளிய வந்தா அதுவும் தெரியாம இரிக்கட்டும். ஆமி சும்மா உட்டவன மத்தவங்க சும்மா உடமாட்டாங்க."

எங்கள் பகுதியில் அந்த நாட்களில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முகாமுக்குள் போய் உயிரோடு திரும்பியவனை, காட்டிக்கொடுத்துவிட்டு வந்தவன் என்று எண்ணி ஆயுதம் ஏந்திய மற்றவர்கள் விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுட்ட சம்பவங்கள் இருந்தன. அவர் வராவிட்டாலும் பயம், வந்தாலும் பயம். குவளையைத் திரும்ப வாங்கினேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

நான் டீச்சரின் வீட்டுக்கு ஓடினேன். ஓடிப்போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தாளை யார் எழுதியது என்று சொல்ல எழுதியவர் போக வேண்டும். எழுதியவர் இத்தாவில் எழுபத்தோராவது நாளில் இருக்கிறார். போய் வாருங்கள் என்று நான் எந்த வாயால் கேட்பது? கேட்காவிட்டால் என் பிள்ளைகளுக்கு வாப்பா இல்லை. லொறிக்காரர் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை நான் எழுத்தில் சொல்ல வேண்டும்: நான் கேட்கவில்லை, கேட்க எனக்குத் தைரியமில்லை.

டீச்சர் எழும்பி, கை கால் முகம் கழுவி உளூச் செய்துகொண்டு வந்தார். தர்ஜுமாவை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடினார்.

"டீச்சர், எனக்கும் பயமாத்தான் இரிக்கி. ஆமிக்கும் பயம், காக்காவுக்கும் பயம், அல்லாஹ்வுக்கும் பயம். நான் எழுதின தாளால ஒரு மனிசன் சாகக் கிடக்கக்குள்ள நான் இந்தப் பாயில இருந்தா, நாளைக்கு அல்லாஹ்ட முன்னுக்குப் போய் என்ன சொல்ற? மத்த ரெண்டு பயத்தையும் நான் தாங்கிக்குவன். எழும்புங்க."

தர்ஜுமாவை ஒரு துணியில் சுற்றினார். தன் கையெழுத்துக்குச் சாட்சியாக இரண்டு பாடக் குறிப்புக் கொப்பிகளை எடுத்தார். பன்னிரண்டு வயது மகள் ஸல்மா பக்கத்து வீட்டில் இருந்தாள், அவளிடமும் சொல்லவில்லை. வாசலில் ஆதம்பாவாக் காக்கா எதிர்ப்பட்டார். கிடுகு கொண்டு வந்திருந்தார் என்று நினைக்கிறேன். தங்கை வெள்ளையோடு வேலிப் படலைக்கு வருவதைக் கண்டு திகைத்துப் போனார். எங்கே என்று கேட்டார். ஒரு தேவை, பகலில் போய்ப் பகலில் வருவேன் என்றார் டீச்சர். என்ன தேவை என்று கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார். காக்கா கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். கடைசியில் குரல் உடைந்து, "இந்தப் படலையத் தாண்டினா நீ எனக்குத் தங்கச்சி இல்ல," என்றார். டீச்சர் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாண்டினார்.

வாவிக்கரைப் பாதையால் இரண்டு மைல் நடந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அல்லது நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இருவருடைய கையும் வேர்த்து வழுக்கியது. வழியெல்லாம் அவர் வாய்க்குள் ஓதிக்கொண்டு வந்தார். நான் ஓதவில்லை. ஓதத் தெரிந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

முகாமில் மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மேசை, மேசையில் அந்தத் தாள். அதிகாரி சிங்களத்தில் கேட்டதைத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் தலையைக் குனிந்தபடி எங்களுக்குச் சொன்னார். என் கணவர் எங்கே என்று தெரியவில்லை. ஒரு தகரக் கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நான் மேசையின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சருடைய குரல் முதல் இரண்டு வசனத்துக்குக் கேட்கவே இல்லை. மறுபடி சொல்லச் சொன்னார்கள். அந்தத் தாளை எழுதியது நான், இவை வேதத்தின் அத்தியாயமும் வசனமும், என்றார். தர்ஜுமாவைத் துணியிலிருந்து பிரித்து மேசையில் வைத்தார். தான் பக்கத்தை எடுத்துக் காட்டமாட்டேன், நீங்களே எடுத்துப் பாருங்கள், நான் காட்டினால் அது நிறுவல் ஆகாது, என்றார். தமிழ் வாசிக்கிறவர் கையை நீட்டியபோது, "கையக் கழுவிட்டுத் தொடுங்க," என்று டீச்சரின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. அந்த மனிதர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார். அவர் தண்ணீர்ப் பீப்பாவுக்குப் போய்க் கையைக் கழுவிச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாம் அத்தியாயத்தை எடுத்து விரலால் எண்ணிக்கொண்டே போய் இருநூற்று முப்பத்து நான்கில் நிறுத்தினார். கணவன் இறந்த பெண்கள் நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும் என்பதை வாசித்துச் சிங்களத்தில் சொன்னார். மற்ற எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார். கொப்பியையும் தாளையும் பக்கத்தில் வைத்து எழுத்தைப் பார்த்தார்கள். அதிகாரி அப்போதுதான் டீச்சரின் வெள்ளை உடுப்பைக் கவனித்தார். இன்று எத்தனையாவது நாள் என்று கேட்டார். எழுபத்தொன்று என்றார் டீச்சர். அப்படியானால் நீ எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டார்.

"அந்தத் தாள்ல நான் கேட்டிரிக்கிறதும் அதத்தான்," என்றார் டீச்சர். "பதில் வாறத்துக்கு முந்தி நீங்க ஆளப் புடிச்சிட்டீங்க."

அது சிங்களமாகிச் சேரும்வரை நான் மூச்சு விடவில்லை. அதிகாரி தாளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், தகரக் கதவைத் திறக்கச் சொன்னார்.

என் கணவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வந்தார். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. மாலை அஸர் தொழுகைக்கு முன் மூவரும் வெளியே வந்தோம். சேர்ந்து போகக் கூடாதென்று கணவர் கல்குடாவில் என் உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டுக்குப் போய், ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் முன்னால் வேறு ஒழுங்கையால் போய்விட்டேன். டீச்சர் மட்டும் தனியே வந்தார். வெள்ளையுடுத்த ஒரு பெண் முகாம் பக்கமிருந்து பட்டப்பகலில் தனியே நடந்து வந்ததை ஊரில் நாலு பேர் கண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் ஊருக்குத் தெரிந்த கதை. இத்தாவை முறித்தவர் என்றார்கள். முதலிலிருந்து மறுபடி இருக்க வேண்டும் என்றார் ஒருவர். கணவன் மண்ணுக்குள் போய் மூன்று மாதமாகவில்லை, ஆமிக் காம்புக்கு எதற்குப் போனாளாம் என்று கேட்டவர்கள், அதற்குப் பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். எழுதக் கூசும் பதில்கள். பள்ளிவாசல் மரைக்கார்மார் ஆதம்பாவாக் காக்காவைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் தலை நிமிரவில்லையாம். பதினாறு வருடம் அவர் தங்கையின் வாசலை மிதிக்கவில்லை.

டீச்சர் ஒரு வசனத்தில் அதை முடித்திருக்கலாம். மீராலெவ்வையைக் காப்பாற்றப் போனேன் என்ற ஒரே வசனம். சொன்னால் என் கணவரின் உயிருக்கு அடுத்த கிழமைக்கு உத்தரவாதமில்லை. சொல்லவில்லை. எழுபத்திரண்டாவது நாளிலிருந்து தொடர்ந்து இருந்து முடித்தார், மறுபடி ஆரம்பிக்கவில்லை. பாடசாலைக்குத் திரும்பி வந்தபோது அவர் தொட்ட தேநீர்க் கேத்தலை இன்னொரு டீச்சர் கழுவிவிட்டுப் பாவித்தார். அன்று அந்த டீச்சர் என்னிடம், நீங்கள் அவருடைய கூட்டாளிதானே, ஏன் போனாராம் என்று கேட்டார். "எனக்குத் தெரியாது," என்றேன். ஜெசீமா டீச்சர் நான்கடி தூரத்தில் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். சிவப்புப் பேனா நிற்கவில்லை.

அன்று நான் செத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கேத்தலில் இருந்து ஊற்றிய தேநீரை அவர்களோடு உட்கார்ந்து குடித்தேன்.

அடுத்த நாள் அவர் என்னைப் பாய் விரிக்கச் சொன்னார். விட்ட பக்கத்திலிருந்து வாசித்தோம். நான் அழுதபோது, "நீங்க சரியாத்தான் சொன்னீங்க, வேற என்னத்தச் சொல்லுவீங்க?" என்றார். அதைவிட அவர் என்னை அடித்திருக்கலாம். ஸல்மாவுக்கு மூன்று சம்பந்தம் வந்து வந்து நின்று போயின. ஒவ்வொரு முறையும் நான் இரவு முழுக்க விழித்திருந்து, காலையில் ஒன்றும் சொல்லாமல் பாடசாலைக்குப் போனேன். நாலாவதாக றபீக் மாஸ்டர், ஊர்ப்பேச்சைக் கேட்காத வெளியூர்க்காரர், வந்து கட்டினார்.

சில வருடங்களின் பின் நகரத்திலிருந்து அந்தப் பெண்கள் அமைப்பினர் வந்தார்கள். எப்படியோ கதையின் வால் மட்டும் அவர்களுக்குக் கிடைத்திருந்தது. கட்டுப்பாட்டை உடைத்து வெளியே வந்த பெண் என்று ஒரு கூட்டத்தில் பேச அழைத்தார்கள். நானும் அந்த இடத்தில் இருந்தேன். டீச்சருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"நான் ஒண்டையும் உடைக்கல்ல. முறிச்சவள் எண்டு ஊரு சொல்லுது, உடைச்சவள் எண்டு நீங்க சொல்றீங்க. நான் இத்தாவோடதான் போனன், இத்தாவோடதான் வந்தன். அது எனக்கும் படைச்சவனுக்கும் தெரியும்."

வெளிநாட்டில் வேலைக்குப் போய் வந்த பிள்ளைகள் கறுப்பு அபாயா கொண்டு வந்து ஊரெங்கும் பரவிய காலம் அது. அதைப் பற்றியும் அவரை வந்து கேட்பார்கள், அணிந்தால் ஒரு பகுதியும் அணியாவிட்டால் மற்றப் பகுதியும் தங்கள் ஆள் என்று சொல்லக் காத்திருந்தன. அவர் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வழக்கம்போலப் பாடசாலைக்குப் போய் வந்தார்.

என் கணவர் காலமான அன்று ஜெசீமா டீச்சர்தான் முதலில் வந்தார். ஜன்னலுக்குப் புடைவை கட்ட வந்தவர்களை, காற்று வரட்டும் என்று தடுத்தார். கூட்டம் குறைந்ததும் அவருடைய காதுக்குள், "இனி அவருக்கு ஆராலயும் ஒண்டும் செய்ய ஏலா. நான் எல்லாருக்கும் சொல்லப்போறன்," என்றேன். அவர் என் தலையைத் தடவினார். முதலில் இத்தா முடியட்டும், என் ஆண் பிள்ளைகள் இன்னும் அதே வீதியால்தான் போய் வருகிறார்கள், அவசரமில்லை என்றார். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு சுமை இறங்கியது. தள்ளிப்போட ஒரு காரணம் கிடைத்த சந்தோசம் அது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். ஐம்பத்து மூன்று நாளில் அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை அஸருக்குப் பின் அவரைச் சுமந்த சந்தூக்கு என் வேலியோரமாகத்தான் போனது. ஆண்கள் கலிமாச் சொல்லிக்கொண்டு போவது கேட்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

வியாழக்கிழமை ஸல்மா வந்தாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். வந்து என் முன்னால் பாயில் உட்கார்ந்து, முகவுரை எதுவுமில்லாமல் கேட்டாள். "சாச்சி, எண்ட உம்மாவ நான்தான் குளிப்பாட்டினன். குளிப்பாட்டக்குள்ளயும் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வந்தது. உம்மா மௌத்தாகும் வரைக்கும் சொல்லல்ல. உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்."

நான் சொன்னேன். ஐஸ் லொறிக்காரரிலிருந்து தகரக் கதவு வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். தேநீரையும் சொன்னேன். முடித்ததும் ஒன்று மட்டும் கேட்டாள், போகும் வழியில் உம்மா பயந்தாரா என்று. பயந்தார், கை வேர்த்து வழுக்கியது என்றேன். அவள் அதைக் கேட்டுத்தான் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எல்லாத்தையும் எழுதித் தாங்க. ஆதம்பாவா மாமாட கையில நானே குடுக்கிறன்," என்றாள்.

எழுதிவிட்டேன். இன்றைக்கும் வீதியில் சாவடி இருக்கிறது, என் மகன்மார் அதால்தான் போய் வருகிறார்கள், எனக்கு இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது. காக்கா, நீங்கள் வாசிப்பீர்கள். அன்று படலையில் வைத்து உங்கள் தங்கை உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் நாங்கள். பாடசாலையில் அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் வாசிப்பார்கள்.

ஜெசீமா டீச்சர், படைத்தவன் நீங்கள் உறங்கும் கப்றை வெளிச்சமாக்கட்டும். உங்களைப் பற்றி, ஏன் போனார் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் என் பதில் இது. எனக்காகப் போனார். நான் கேட்கக்கூட இல்லை.